இரவு ஒன்பது மணி வேகம்

சந்தாதாரர் கேட்கும் முதல் கேள்வி இன்றும் மாறவில்லை: “எத்தனை எம்பி தருவீங்க?” 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் ‘டேட்டாஒன்’ என்ற பெயரில் டிஎஸ்எல் இணைப்பு தரத் தொடங்கியபோது அதற்குப் பதில் 256 கேபிபிஎஸ். முந்தைய ஆண்டு வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கையும் அதே 256-ஐத்தான் கீழ்வரம்பாக வைத்திருந்தது. அந்த வரம்பு 2013-இல் 512 ஆனது, 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆனது. சந்தையோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் 100, 200, 300 என்று போய்விட்டது. 2019 செப்டம்பரில் ஜியோஃபைபர் வணிகச் சேவையைத் தொடங்கியபோது அதன் ஆரம்பத் திட்டமே 699 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ். அடுத்த ஆண்டே 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் வந்தது.

அன்றிலிருந்து நம் ஆபரேட்டர்கள் பலர் செய்வது ஒன்றுதான். எதிராளி நூறு என்றால் நாம் நூற்றைம்பது என்று நோட்டீஸ் அடிப்பது. இந்தப் பந்தயத்தில் உள்ளூர் ஆபரேட்டர் ஓடவே கூடாது என்பது இவ்விதழின் உறுதியான கருத்து. ஏன் என்று சொல்ல, டிஎஸ்எல்லும் கேபிளும் மோதிக்கொண்ட காலத்துக்குக் கொஞ்சம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அந்த மோதலில் இரு தரப்பும் வாடிக்கையாளரிடம் மறைத்த விஷயம் ஒன்றுண்டு. இன்று ஃபைபரிலும் நாம் அதையே மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

டிஎஸ்எல் ஓடியது தொலைபேசிக்காகப் போட்ட ஒரு ஜோடிச் செம்புக் கம்பியில். குரல் போகும் அதிர்வெண்ணுக்கு மேலே காலியாகக் கிடந்த இடத்தில் தரவை ஏற்றினார்கள். ஏடிஎஸ்எல் 2 பிளஸ் தரத்தில் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரை பயன்படுத்தி ஏட்டளவில் 24 எம்பிபிஎஸ் இறக்கலாம். ஆனால் செம்பு தூரத்தைப் பொறுக்காது. எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்துத் தெருவில் 20 கிடைத்தால், மூன்று கிலோமீட்டர் தள்ளி ஏறத்தாழ 8, ஐந்து கிலோமீட்டரில் ஒன்றோ இரண்டோ. அதுவும் கம்பி நல்ல நிலையில் இருந்தால். பழைய லைன்மேன்களுக்கு ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று தெரியும். பில்லருக்கும் டிபி பெட்டிக்கும் நடுவே எங்கோ ஒரு ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியிருக்கும். வாடிக்கையாளர் ரிசீவரை எடுத்தால் கரகரவென்று சத்தம். மோடத்தில் டிஎஸ்எல் விளக்கு எரிவதும் அணைவதுமாக இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 6 டெசிபெல்லுக்குக் கீழே வந்திருக்கும். வேறு ஜோடிக்கு மாற்றிக் கொடுத்தால் சரியாகும், வேறு நல்ல ஜோடி அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்தால்.

கேபிளின் கதை வேறு. ஆர்ஜி-6, ஆர்ஜி-11 வயர்களில் செம்பு ஜோடியைவிடப் பல நூறு மடங்கு அகலமான பாதை இருக்கிறது. டாக்சிஸ் தரத்தில் ஒரே ஒரு 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் சுமார் 50 எம்பிபிஎஸ் இறக்கலாம். 2006-இல் வந்த டாக்சிஸ் 3.0 பல சேனல்களைக் கோத்து ஓட்டவும் வழிசெய்தது. தூரம் பிரச்சினையில்லை, ஆம்ப்ளிஃபையர் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு நோடில் தொங்கும் அத்தனை வீடுகளும் அந்தப் பாதையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

மேலேறும் பாதைதான் கேபிள்காரனின் உயிரை எடுத்தது. 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அந்தக் குறுகிய இடத்தில்தான் மிக்ஸி, மோட்டார் எல்லாவற்றின் இரைச்சலும் வந்து விழும். ஒரு வீட்டில் டிவிக்குப் பின்னால் கனெக்டர் சரியாக முறுக்கப்படாமல் தளர்ந்திருந்தால் போதும். இரைச்சல் அந்த வழியாக நுழைந்து, மற்ற வீடுகளிலிருந்து வருவதோடு சேர்ந்து, நோடுக்குப் போய்ச்சேரும்போது மொத்தமாகக் குவிந்திருக்கும். தெரு முழுக்க இணைப்பு அறுந்து அறுந்து வரும், புகார் கொடுக்காத அந்த ஒரு வீட்டைத் தவிர. அந்த வீட்டில் இணைய இணைப்பே இருக்காது, டிவி மட்டும்தான். டேப் டேப்பாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது மீட்டரில் முள் இறங்குகிறது என்று பார்த்து அதைக் கண்டுபிடித்தவர்கள் இந்த இதழின் வாசகர்களில் சிலராவது இருப்பார்கள்.

அமெரிக்காவில் இந்த இரண்டும் நேருக்கு நேர் மோதின. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் பசிபிக் பெல் ஒரு விளம்பரம் போட்டது. கேபிள் இணைப்பு வைத்திருக்கும் தெருக்காரர்கள் ‘நீதான் என் வேகத்தைத் தின்கிறாய்’ என்று ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவார்கள். டிஎஸ்எல் எடுத்தால் லைன் உங்களுக்கு மட்டுமே என்பது செய்தி. 2006-இல் காம்காஸ்ட் கேபிள் நிறுவனம் திருப்பி அடித்தது. டிஎஸ்எல்லின் மந்த வேகமே சுகம் என்று வாழும் ஓர் ஆமைத் தம்பதியை விளம்பரத்தில் இறக்கியது. இரண்டு விளம்பரமும் பாதி உண்மை. டிஎஸ்எல்லில் வீட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை கம்பி தனி, சரி. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் டிஎஸ்லாமிலிருந்து வெளியே போகும் பாதை எல்லோருக்கும் பொது. அது நிரம்பினால் தனிக்கம்பி இருந்தும் பயனில்லை. கேபிளிலோ பங்கு தெருவிலேயே தொடங்கிவிடுகிறது, ஆனால் நெரிசல் வந்தால் நோடை இரண்டாகப் பிரித்து அதைச் சரிசெய்ய முடியும். பிரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளருக்கு வேகம் கிடைத்தது, பிரிக்காத இடத்தில் சண்டைதான் மிஞ்சியது.

முடிவில் அங்கே கேபிள் வென்றது. ஏடி அண்ட் டி 2020 அக்டோபரில் புது டிஎஸ்எல் இணைப்பு கொடுப்பதையே நிறுத்திவிட்டது. செம்பின் தூரக் கணக்கை யாராலும் மாற்ற முடியவில்லை, கோஆக்சியலில் பங்கைக் குறைத்துக்கொண்டே போக முடிந்தது. வெற்றிக்குக் காரணம் இதுதான்.

தமிழ்நாட்டில் அந்த மோதல் அதே வடிவில் நடக்கவில்லை. நம் கேபிள் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் ஒருவழிப் பாதை. ஹெட்எண்டிலிருந்து வீட்டுக்குச் சிக்னல் போகும், வீட்டிலிருந்து எதுவும் திரும்பி வராது. திரும்பும் பாதை போட வேண்டுமென்றால் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரையும் மாற்ற வேண்டும். அதற்கு முதல் போட எந்தத் தெரு ஆபரேட்டரிடம் பணம் இருந்தது? ஹாத்வே போன்ற சில நிறுவனங்கள் சென்னையின் சில பகுதிகளில் கேபிள் மோடம் கொடுத்தன. மற்ற இடங்களில் ‘கேபிள் நெட்’ என்று வீட்டுக்கு வந்தது மொட்டை மாடிக்கு மொட்டை மாடி இழுத்த லேன் வயர்தான். யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஸ்விட்ச், அவர் வீட்டுக் கரண்டில் ஓடும். 2008-இல் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில் அந்த வீட்டுக்குக் கரண்ட் போனால் அடுத்த முப்பது வீட்டுக்கும் நெட் போகும். இடி இடித்தால் ஸ்விட்சோடு நாலைந்து கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் கருகும்.

இருந்தும் அந்த ஆபரேட்டர் டிஎஸ்எல்லுக்கு ஈடுகொடுத்தார். பிஎஸ்என்எல் திட்டங்களில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை மட்டும் கணக்கில்லாமல் இறக்கலாம் என்றிருந்த காலத்தில், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்ட தலைமுறைக்கு நாள் முழுக்க அளவில்லாத இணைப்பு தந்தவர் அவர்தான். முக்கியமாக, ஃபோன் அடித்தால் ஒரு மணி நேரத்தில் சைக்கிளிலோ டிவிஎஸ் எக்ஸ்எல்லிலோ வந்து நின்றார். ட்ராய் 2006-இல் கொண்டுவந்த சேவைத்தர விதிகள் பத்தில் ஒன்பது பழுதுகளையாவது அடுத்த வேலைநாளுக்குள் சரிசெய்யச் சொன்னன. தெரு ஆபரேட்டருக்கு அந்த விதி தேவைப்படவே இல்லை. சாயங்காலம் டீக்கடையில் அந்த வாடிக்கையாளரை நேரில் பார்த்தாக வேண்டும், அது போதும்.

இப்போது எல்லோரும் ஃபைபர். பிஎஸ்என்எல்லே தன் செம்பு வாடிக்கையாளர்களை உள்ளூர் ஆபரேட்டர்களின் துணையோடு ஃபைபருக்கு மாற்றி வருகிறது. 2018-இல் ரிலையன்ஸ் ஹாத்வேயிலும் டென்னிலும் பெரும்பங்கை வாங்கியது, வீடு வரை ஏற்கெனவே போயிருந்த கேபிள்காரரின் பாதைக்காகத்தான். ஃபைபரில் தூரக் கணக்கு கிட்டத்தட்ட இல்லை, தெருவில் மின்சாரம் வேண்டியதில்லை, இடிக்குப் பயமில்லை. டிஎஸ்எல்லின் நோயும் கோஆக்சியலின் நோயும் ஒரே அடியில் தீர்ந்தன.

தீராதது பங்கு மட்டும். ஒரு ஜிபான் போர்ட்டில் இறங்குவது சுமார் 2.5 ஜிபிபிஎஸ். அதை 64 வீட்டுக்குப் பிரித்தால் தலைக்கு 39 எம்பிபிஎஸ். அது கூடப் பரவாயில்லை, எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. உண்மையான இடுக்கு அதற்கும் மேலே இருக்கிறது. 1 ஜிபிபிஎஸ் அப்லிங்க் வாங்கி, 300 வீட்டுக்கு ‘100 எம்பிபிஎஸ்’ விற்கும் ஒரு ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்கு நூறு வீட்டில் 5 எம்பிபிஎஸ் அளவில் படம் ஓடினால் பாதி அப்லிங்க் போகும், யாருக்கும் குறையில்லை. அதே நூறு வீட்டில் 4கே டிவி வந்து, தலைக்கு 15 என்று இழுத்தால் 1.5 ஜிபிபிஎஸ் வேண்டும். நம்மிடம் இல்லை. ஐபிஎல் இறுதிப்போட்டி அன்று இது இன்னும் கூர்மையாகத் தெரியும், ஏனென்றால் நேரலையை நேற்றே இறக்கி கேஷ் சர்வரில் வைத்துக்கொள்ள முடியாது.

பசிபிக் பெல் மறைத்ததும் இதே இடத்தைத்தான். வீட்டு வாசலில் இருக்கும் வேகத்தைச் சொல்லி விற்றார்கள், நெரிசல் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. 2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்த ஏர்ஃபைபருக்கும் இது பொருந்தும். மாடியில் மாட்டும் அந்தப் பெட்டி, டவரின் ஒரு செக்டாரை அக்கம்பக்கத்து வீடுகளோடும் அந்தப் பகுதியின் அத்தனை கைபேசிகளோடும் பங்குபோடுகிறது. பழைய கோஆக்சியல் நோடு காற்றில் ஏறியது போலத்தான். வாடிக்கையாளர் சேரச் சேர அது இறுகும், அங்கே நோடைப் பிரிப்பது டவர் எழுப்புவதற்குச் சமம். ஃபைபர் வைத்திருக்கும் நம்மால் ஓஎல்டியில் இன்னொரு போர்ட்டைத் திறந்து ஒரே நாளில் பாதியாக்க முடியும். அப்லிங்கை ஒரு மின்னஞ்சலில் கூட்ட முடியும். இந்த இடத்தில் நாம் அவர்களைவிட வலுவானவர்கள். அந்த வலுவை விற்காமல் நோட்டீஸில் பெரிய எண் அடித்துக்கொண்டிருப்பது வேதனை தருகிறது.

ட்ராய் 2009-இல் வீட்டு இணைப்புக்கு 1:50 என்ற பங்கு விகிதத்தை வழிகாட்டியாகச் சொன்னது. எந்த ரசீதில் அது இருக்கிறது? இருக்க வேண்டும் என்கிறோம். திட்டத்தின் பெயர் 100 எம்பிபிஎஸ் என்றால் அதன் கீழே ‘இரவு 8 முதல் 11 வரை குறைந்தது 40’ என்று அச்சிடுங்கள், பழுது எத்தனை மணி நேரத்தில் தீரும் என்பதையும் சேர்த்து. அதைச் செய்துகாட்ட முடியாதவர் புது இணைப்பு கொடுப்பதைச் சில மாதம் நிறுத்திவிட்டு அப்லிங்கைப் பார்க்கட்டும். இது வியாபாரத்தைக் கெடுக்கும் யோசனை என்று சிலருக்குத் தோன்றலாம். மாதம் நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று போகும் வாடிக்கையாளரை நம்மால் தடுக்க முடியாது. மாலையில் படம் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று போகிறவரைத் தடுக்க முடியும், பெரிய நிறுவனத்தின் கால் சென்டர் அவருக்குத் தர முடியாததும் அதுவே.

மேலேறும் வேகத்தையும் எழுதுங்கள். 2020-இல் பிள்ளைகளின் வகுப்பு வீட்டுக்கு வந்தபோது முதலில் மூச்சுத் திணறியது அதுதான். 1 எம்பிபிஎஸ் மேலேற்றம் வைத்திருந்த டிஎஸ்எல் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஒரே நேரத்தில் வீடியோ வகுப்பில் உட்கார முடியவில்லை. ஃபைபரில் ஏற்றமும் இறக்கமும் சமமாகக் கொடுக்க முடியும். கொடுத்துக்கொண்டிருப்பவர்கள்கூட அதை வெளியே சொல்வதில்லை.

பேண்ட்வித் வாங்கும் செலவிலும் வழியிருக்கிறது. சென்னை கடலடிக் கேபிள்கள் கரையேறும் ஊர், நிக்ஸியும் டிஇ-சிக்ஸும் இங்கே பரிமாற்ற மையம் வைத்திருக்கின்றன. ஒரே வட்டாரத்தில் நாலு சிறு ஆபரேட்டர்கள் சேர்ந்து ஒரு பாதை எடுத்து அங்கே இணைந்தால், கூகுள், நெட்ஃபிளிக்ஸ் போக்குவரத்தின் கணிசமான பகுதி விலைகொடுத்து வாங்கும் அப்லிங்குக்கு வெளியே போய்விடும். தனித்தனியே மாவட்டத் தலைநகரில் மறுவிற்பனைக்காரரிடம் வாங்கும்வரை இது கைகூடாது.

வரும் இதழிலிருந்து இதற்கென ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் ஓஎல்டியின் அப்லிங்க் பயன்பாட்டை மூன்று வாரம், இரவு 8 முதல் 11 வரை, பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்து அனுப்புங்கள். எத்தனை வீடு, எத்தனை ஸ்ப்ளிட்டர், அப்லிங்க் எவ்வளவு, கேஷ் சர்வர் உண்டா என்பது மட்டும் போதும். வாடிக்கையாளர் விவரம் எதுவும் வேண்டாம், உங்கள் பெயரையும் நீங்கள் சொன்னால் மட்டுமே போடுவோம். பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும் அப்லிங்குகளை முதலில் எடுத்து, எங்கே எதைப் பிரித்தால் சரியாகும் என்று எங்கள் தொழில்நுட்பக் குழு பெயர் சொல்லாமல் எழுதும்.