ஏட்டைக் காக்கும் சங்கிலி, பொருளைக் காக்குமா?

புலம்பெயர்ந்து நாம் வாழும் கனடா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளில் அணுமின் நிலையங்கள் இயங்கி வருகின்றன. அவற்றின் எரிபொருள் எங்கிருந்து வந்தது, எவ்வளவு பயன்படுத்தப்பட்டது, எஞ்சியது எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பன யாவும் ஏடுகளில் பதியப்படுகின்றன. அந்த ஏடுகளை வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகம் சரிபார்க்கிறது. 8 கிலோகிராம் புளுட்டோனியம் கணக்கிலிருந்து நழுவினாலே அதைக்கொண்டு ஓர் அணுகுண்டு செய்யப்படக்கூடும் என்பது அம்முகவரகத்தின் அளவுகோல். எனவே இது வெறும் எழுத்தர் வேலையன்று. எமது பிள்ளைகளின் பாதுகாப்போடு தொடர்புடைய பணி.

இக்கணக்கைப் பிளொக்செயின் தொழில்நுட்பத்தால் பேண முடியுமா எனப் பரிசோதிக்க, 2020ஆம் ஆண்டில் 'ஸ்லாஃப்கா' என்னும் மாதிரி வெளியிடப்பட்டது. பின்லாந்தின் கதிர்வீச்சு மற்றும் அணுப்பாதுகாப்பு அதிகாரசபை, அமெரிக்காவின் ஸ்டிம்சன் மையம், அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் ஆகியன இணைந்து இதனை உருவாக்கின. பிட்கொயின் போல எவரும் நுழையக்கூடிய ஏடன்று இது. அனுமதி பெற்றோருக்கு மட்டுமே உரியது. இதன் தத்துவம் எளிது. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தைய பதிவின் இலக்க முத்திரையைத் தாங்கி நிற்கும். ஏட்டின் படிகள் பல தரப்பினரின் கைகளில் இருக்கும். ஒருவர் பழைய எண்ணொன்றை இரகசியமாக மாற்றினால் முத்திரைகள் பொருந்தாமற் போகும், ஏனையோர் அறிந்துகொள்வர்.

பின்லாந்து இதில் அக்கறை கொண்டதற்குக் காரணம் உண்டு. பயன்படுத்தி முடித்த எரிபொருளைச் செப்புக் கலன்களில் அடைத்து, 400 மீற்றருக்கும் அதிக ஆழத்திலுள்ள பாறையில் புதைப்பதற்கென ஒன்கலோ என்னும் சுரங்கத்தை அந்நாடு அமைத்துள்ளது. புதைத்து மூடிய பின்னர், கலனைத் திறந்து எண்ணிப் பார்ப்பது இயலாத காரியம். அதன்பின் வருங்காலத் தலைமுறைகளுக்கு எஞ்சுவது ஏடு மட்டுமே. அந்த ஏட்டில் எவரும் கைவைக்க முடியாதிருத்தல் இன்றியமையாதது.

ஆயினும், சங்கிலி காப்பது எழுதப்பட்டதை மட்டுமே. எழுதப்பட்டது உண்மையா என்பதை அது அறியாது. யப்பானின் டோக்காய் மீள்பதனிடும் ஆலையில், 25 ஆண்டுகாலக் கணக்கில் 206 கிலோகிராம் புளுட்டோனியம் குறைவதாக 2003 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. மேற்கூறிய அளவுகோலின் 25 மடங்கிற்கும் அதிகம்! ஏட்டை எவரும் திருத்தியதால் வந்த வினையன்று அது. உருவான அளவைக் கூடுதலாகக் கணித்ததும், ஒரு பகுதி கழிவோடு சென்றதுமே காரணங்களாகக் கூறப்பட்டன. அளவீடு பிழைத்தால், பிளொக்செயின் அப்பிழையையும் பத்திரமாகவே பேணும்.

அவுஸ்திரேலியாவில் வாழும் எம்மவர்க்கு மற்றொரு நிகழ்வு நினைவிருக்கும். 2023 ஜனவரியில், சீசியம்-137 அடங்கிய 8 மில்லிமீற்றர் நீளமான சிறு குளிகை, சுரங்கமொன்றிலிருந்து பேர்த் நகருக்குச் செல்லும் 1,400 கிலோமீற்றர் வழியில் தவறி விழுந்தது. பெட்டி உரிய இடத்தை அடைந்தது, குளிகை அடையவில்லை. பல நாட்களின் பின் பெட்டியைத் திறந்தபோதே இழப்புத் தெரியவந்தது. பெட்டியின் வரவை எந்த ஏட்டில் பதிந்திருந்தாலும் என்ன பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

ஆகவே இத்தொழில்நுட்பத்தை வரவேற்போம். ஆனால் அதைக் காரணங்காட்டிப் பரிசோதகர்களைக் குறைக்க முற்பட்டால் எதிர்ப்போம். கண்காணிப்புக் கமரா, முத்திரையிட்ட பூட்டு, துல்லியமான அளவுகருவி, நேரில் சென்று பார்க்கும் மனிதர் ஆகியன முதலில்; சங்கிலி அவற்றின் பின்னர்.

கணினித்துறையில் சிறந்து விளங்கும் எமது இளையோர் நாளை இத்தகைய ஏடுகளை வடிவமைக்கக்கூடும். அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: சங்கிலி அறாதா என்று மட்டும் வினவாதீர்கள், அதன் முதற் கண்ணியில் எழுதப்பட்ட எண்ணை யார், எதைக்கொண்டு அளந்தார் என்றும் வினவுங்கள். பெற்றோரே, பிள்ளைகளுக்கு நிரலாக்கத்தோடு இவ்வாறு வினவும் பழக்கத்தையும் ஊட்டுவோம்.