திரை ஒளிர்ந்த பின் கையொப்பம்

பெரிய திரையுடைய தொலைக்காட்சிப் பெட்டி இன்று செல்வர் வீட்டுக் கூடத்திற்கு மட்டும் உரிய பொருளன்று. 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் ஊர்களிலும், இடுக்கி மலையில் மூணாறு, வண்டிப்பெரியார் தோட்ட லயங்களிலும் இத்தகைய பெட்டிகளைக் காணலாம். கூரைமீது அலைவாங்கியை நட்டு, கொடைக்கானல் நிலையத்தின் படம் தெளியும்வரை கம்பத்தைத் திருப்பிய தலைமுறை அவ்வீடுகளில் இன்னும் இருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் வீட்டில் இதற்கான பணம் பெரும்பாலும் போனசிலிருந்தோ மாதத் தவணையிலிருந்தோ வருகிறது. போனசின் அருமையை நாம் அறியாதவர்கள் அல்லர். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் அதற்காகவும் கூலி உயர்வுக்காகவும் சாலையில் அமர்ந்து போராடியதை நாடே கண்டது. அப்படி வந்த பணத்தைக் கொடுத்து வாங்கும் பொருளை, வாங்குபவர் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொள்வது முறையன்று என்பது என் கருத்து.

நடைமுறையோ வேறாக இருக்கிறது. வண்டி வந்து நிற்கும், அட்டைப்பெட்டி இறங்கும், சீட்டொன்று நீட்டப்படும். "நீங்கள் திறக்க வேண்டாம், பொருத்துபவர் வந்து திறப்பார்" என்று சொல்லிவிட்டு வண்டி புறப்பட்டுவிடும். பாலக்காட்டுச் சமவெளியில் பொருத்துபவர் மறுநாளே வரக்கூடும். மலையில் அவ்வாறு அன்று. மழைக்காலத்தில் தேவிகுளம் கேப் சாலையில் மண் சரிந்தால் அவர் எப்போது வருவார் என்று யாரால் கூற முடியும்? அதற்குள் பொருளைத் திருப்பித் தருவதற்கு விற்பனையாளர் வகுத்த நாள்கள் கரைந்துகொண்டிருக்கும். அந்நாள்கள் பெட்டி இறங்கிய நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. திறக்கக் கூடாது என்று தடுப்பவர்களே, திறக்காத நாள்களையும் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம்? திரை ஒளிர்ந்த நாளிலிருந்துதான் அக்கணக்குத் தொடங்க வேண்டும்.

அது மாறும்வரை நம்மைக் காப்பது நம் கவனமே. பெட்டி வந்தால் இரண்டு கையொப்பங்கள் கேட்கப்படும். முதலாவது, பெட்டி வந்து சேர்ந்தது என்பதற்கு. இரண்டாவது, பொருத்தும் பணி முடிந்தது என்பதற்கு. முதல் கையொப்பத்திற்கு முன் பெட்டியின் நான்கு மூலைகளையும் அடிப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். நசுங்கல், கிழிசல், ஈரம், மீண்டும் ஒட்டப்பட்ட நாடா ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் படம் எடுத்துக்கொண்டு, சீட்டிலேயே அதை எழுதிய பின்னரே கையொப்பமிட வேண்டும். 55 அங்குலத் திரை என்பது மூலைக்கு மூலை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பலகை. அதை நிமிர்த்தியே கொண்டுவர வேண்டும். வண்டியில் படுக்கவைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்திருந்தால் அட்டையில் ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே திரை விரிசல் கண்டிருக்கலாம். அதனால் வெளிப்பார்வை மட்டும் போதாது.

பெட்டியைத் திறக்கும்போது வீட்டார் ஒருவர் அலைபேசியில் அதனைத் தொடர்ச்சியாகப் பதிவு செய்வது நன்று. மின்னிணைப்புக்கு முன் விளக்கொளியைச் சாய்வாகப் பிடித்துத் திரையில் விரிசல் உள்ளதா என்று காண வேண்டும். குளிர்ந்த காலையில் வந்த பெட்டியானால், உள்ளே ஈரம் படிந்திருக்கக்கூடும். சில மணி நேரம் அறையிலேயே வைத்திருந்து பிறகு இயக்குவது பாதுகாப்பு. திரை ஒளிர்ந்ததும் வெண்மை, கருமை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒரே நிறத்தைத் திரை முழுதும் வரச்செய்து, உயிரற்ற புள்ளிகளும் மங்கலான திட்டுகளும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பின்புறமுள்ள வரிசை எண்ணும் பற்றுச்சீட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

பழைய லயங்களின் சுவர்கள் எல்லாம் பெரிய திரையின் எடையைத் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. வீடு தோட்ட நிருவாகத்திற்கு உரியதாதலால் துளையிடுமுன் அனுமதியும் தேவைப்படும். எனவே மேசைமேல் நிறுத்துவதே தகும். சுவரில் மாட்டினால்தான் அழகு என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே பரவிவிட்டது! இடி மிகுந்த ஐப்பசியிலும் கோடையிலும் மின்கம்பியோடு கேபிள் இணைப்பையும் கழற்றி வைக்க வேண்டும்.

"தொலைவிலிருந்து வந்த மனிதரை வாசலில் காக்கவைத்துச் சோதிப்பது மரியாதையா?" என்று நம் பெரியவர்கள் தயங்குவதுண்டு. "ஐந்து நிமிடம் பொறுங்கள் அண்ணா, பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம்" என்று கூறினால் யார் மனமும் புண்படாது. சேதம் தம் கையில் நேரவில்லை என்பதற்கு அவருக்கும் அது சான்றாகும். சீட்டில் உள்ளவை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருப்பதால், வீட்டில் படிக்கும் பிள்ளை அதனைத் தமிழில் விளக்கிச் சொல்லட்டும்.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, வாங்கியவர் தாம் வாழும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். கோயம்புத்தூரிலோ போடிநாயக்கனூரிலோ வாங்கிய பெட்டிக்காகப் பூப்பாறைக்காரர் மாநில எல்லையைக் கடக்க வேண்டியதில்லை. இடுக்கி மாவட்ட ஆணையமே போதும். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருப்பின் முறையீட்டுக் கட்டணம் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள். இணையவழி விற்பனையாளர், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. வழக்குக்குச் செல்லுமுன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

திருப்பி அனுப்ப நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அட்டைப்பெட்டியும் உள்ளிருந்த தெர்மாகோல் துண்டுகளுமே. திரும்பப் பெறும் கெடு முடியும்வரை அவற்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கட்டும். விறகுக் கொட்டகைக்கு மறைப்பாகக் கட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.