ரேஸ் ஓட்ட பெர்சனல் லோன் போடலாமா?

பொங்கலுக்குப் பத்தமடை போயிருந்தப்போ எங்க தெருத் தம்பி ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். ஒரகடத்துல ஒரு உதிரிபாகக் கம்பெனியில வேலை, கைக்கு 34,000 ரூபாய் வருது. அவங்க அம்மா இன்னும் கோரைப்பாய் நெய்யுறாங்க. "அண்ணே, இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரேஸ் ஓட்டணும். மூணு லட்சம் பெர்சனல் லோன் ஆப்ல ரெடியா நிக்குது. போட்டுறவா?"

14% வட்டி, மூணு வருஷம்னு கணக்குப் போட்டுக் காட்டினேன். இஎம்ஐ சுமார் 10,250. வட்டி மட்டுமே 69,000. சம்பளத்துல 30% போயிடும். இதை வருமான வரியில கழிக்கலாமான்னும் கேட்டான். சம்பளக்காரரோட பொழுதுபோக்குச் செலவுக்கு அப்படி எந்த வழியும் இல்லப்பா.

வேணாம்னு சொன்னேன். "அப்போ எனக்கு நாலு வழிச்சாலைதான்"னு சிரிச்சான். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் எனக்கு ராத்திரி சரியாத் தூக்கம் வரல.

பொது ரோட்டுல ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189. முதல் தடவை மூணு மாசம் வரை சிறை, இல்ல 5,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். உங்க பைக் பாலிசியை எடுத்துப் பாருங்க, ரேஸிங், ஸ்பீட் டெஸ்டிங் எல்லாம் கவர் ஆகாதுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். இவ்வளவு இருந்தும் பசங்க ஏன் ரோட்டுல முறுக்குறாங்க? ரோடு இலவசம், டிராக் காசு. அதனாலதான் டிராக் செலவைக் குறைக்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்னு நான் நினைக்கிறேன்.

நம்ம மாநிலத்துக்கு இதுல பெரிய பேர் உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல ஆரம்பிச்சது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடந்த காலம் போய், 1990-ல இருங்காட்டுக்கோட்டையில 3.717 கிலோமீட்டர் டிராக் வந்தது. கோயம்புத்தூர்ல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கு. சென்னைக்காரர் சரத்குமார் (நடிகர் இல்லீங்க) 2011-ல 125 சிசி உலகச் சாம்பியன்ஷிப் வரைக்கும் போனார். ஆனா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து ஒரு சாதாரணச் சம்பளக்காரன் உள்ள நுழையணும்னா, திறமைக்கு முன்னாடி பேங்க் பேலன்ஸைத்தான் பார்க்க வேண்டியிருக்கு.

செலவு எங்க போகுது? எல்லாரும் பைக் விலையைத்தான் கேக்குறாங்க. பைக்கை நாளைக்கு வித்துடலாம். டயர், இன்ஜின் வேலை, விழுந்தா ஆகுற ரிப்பேர், லீவு போட்டா வெட்டுற சம்பளம், இதெல்லாம் திரும்பி வராது. அதுலயும் இன்ஜின் வேலை இருக்கே, அது உங்க கையில இல்ல. பக்கத்துல நிக்கிறவன் ஒரு லட்சம் செலவு பண்ணி இன்ஜினைத் தட்டிட்டா, நீங்களும் பண்ணணும், இல்ல கடைசியில வரணும். நீங்க எவ்வளவு சிக்கனமா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அதனால செலவைக் கட்டுப்படுத்துற வேலையை விதிதான் செய்யணும். எங்க ஊர்ல பாயை எத்தனை பாவுன்னு கேட்டுத்தான் விலை பேசுவாங்க. பட்டுப்பாயையும் சாதாப் பாயையும் ஒண்ணா வச்சு யாரும் ஒப்பிட மாட்டாங்க. ரேஸ்லயும் ஸ்டாக் கிளாஸ்னு பேர் வச்சா அது நிஜமாவே ஸ்டாக்கா இருக்கணும். ஒரு ரேஸ் வாரத்துக்கு இத்தனை டயர்தான்னு எண்ணிக் கொடுங்க. விதியை மூணு வருஷத்துக்குத் தொடாதீங்க. வருஷா வருஷம் மாத்தினா போன வருஷம் வாங்கின பார்ட்ஸ் அத்தனையும் பழைய இரும்பு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. 2012-ல மோட்டோஜிபியில சிஆர்டின்னு சின்ன டீம்களுக்கு ஒரு பிரிவு கொண்டு வந்தாங்க. அந்த டீம்களோட இன்ஜினைப் பெரிய கம்பெனிகள் 20,000 யூரோ கொடுத்து, கியர்பாக்ஸோட கேட்டு வாங்கிக்கலாம். கொடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. குறைஞ்ச விலைக்குப் பிடுங்கிட்டுப் போயிடுவான்னு தெரிஞ்சா எவன் அதுல கோடியைக் கொட்டுவான்? ஆடிட்டர் பார்வையில சொல்றேன், இன்ஸ்பெக்டர் வேலையை விலையே பார்த்துக்கும். நம்ம 165 சிசி ஸ்டாக் கிளாஸுக்கு இதை ரூபாய்க் கணக்குல கொண்டு வந்தா என்ன?

"கம்பெனி கப் இருக்கே"ன்னு கேப்பீங்க. 1994-லிருந்து நடக்குற டிவிஎஸ் ஒன் மேக், 2021-ல தொடங்கின ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி கப், ரெண்டுமே நல்ல வாசல். எல்லாருக்கும் ஒரே பைக், கம்பெனியே தயார் பண்ணித் தருது. ஆனா அங்க சீட்டு கொஞ்சம். செலக்‌ஷன்ல தேறாதவனுக்குச் சொந்த பைக்தான் வழி. அப்படி வாங்குறவங்க 350 சிசிக்குள்ள நிக்கிறது நல்லது. 2025 செப்டம்பர் 22-லிருந்து அதுவரைக்கும் ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆயிடுச்சு. அதைத் தாண்டினா 40%.

இன்ஷூரன்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க. ஹெல்த் பாலிசிகளுக்கு ஐஆர்டிஏஐ வகுத்த விலக்குகள்ல கோடு 09 அபாயகரமான விளையாட்டுகளைப் பத்தினது. "புரொஃபஷனலா" கலந்துக்கிட்டு அடிபட்டா சிகிச்சைச் செலவு கிடையாதுங்குது. மோட்டார் ரேஸிங் அதுல பேர் சொல்லியே இருக்கு. லைசென்ஸ் எடுத்து, பரிசுப் பணமும் வாங்குற சம்பளக்காரன் புரொஃபஷனலா இல்லையா? ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு இந்த வாதம் பண்ணக் கூடாது. இப்பவே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்துல பதில் வாங்குங்க. ஆபீஸ் குரூப் பாலிசிக்கும் இதே கேள்விதான். ரேஸ் நடத்துறவங்க என்ட்ரி ஃபீஸ்லயே எவ்வளவு தொகைக்குக் கவர் வருது, ஒரு சீசன் முழுக்க ஒருத்தருக்குத் தோராயமா என்ன செலவாகும்னு ஒரு தாள்ல போட்டு வெளியிடணும். மியூச்சுவல் ஃபண்டுக்குச் செலவு விகிதம் கேக்குற நாம இதுக்கு ஏன் கேக்கறதில்ல?

தம்பிகிட்ட கடைசியா ஒரு ஒப்பந்தம் போட்டேன். மாசம் 6,000 ஆர்டி, ஒரு வருஷம். 72,000 சேர்ந்ததும் முதல்ல ரைடிங் சூட், ஹெல்மெட், அப்புறம் ஒரு டிராக் பயிற்சி. பைக் அதுக்கு அப்புறம்தான். ரெண்டு தவணை கட்டிட்டான். லோன் ஆப்பை போன்ல இருந்து எடுத்துட்டியான்னு நேத்து கேட்டேன். "எடுக்கணும்ணே"ன்னான்.