களைத்துப்போனவர்கள் கட்டின ஊர்



அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சான் ஜுவான் ஆற்றங்கரையில் பிளஃப் என்றொரு சிற்றூர் உண்டு. ஏறக்குறைய 250 பேரே அங்கே குடியிருக்கிறார்கள். அதை ஸ்தாபித்தவர்கள் மோர்மோன் சபையார். அவர்களுடைய உபதேசத்தோடு நாம் உடன்படுகிறவர்களல்ல. ஆயினும், பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த நாம் அவர்கள் கடந்த வழியை அறிந்துகொள்வது நல்லது.

1879-ம் ஆண்டு, சபைத் தலைவர்களின் அழைப்பை ஏற்றுத் தென்மேற்கு யூட்டாவிலிருந்து சுமார் 250 பேர், 83 வண்டிகளோடும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகளோடும் கிழக்கே புறப்பட்டார்கள். ஆறு வாரப் பிரயாணம் என்று எண்ணினார்கள், ஆறு மாதமாயிற்று.

குறுக்குவழியை நாடினதே காரணம். கொலராடோ ஆற்றுக்கு மேலே செங்குத்தான பாறை. அதில் ஒரு வெடிப்பு மாத்திரம் இருந்தது. பின்னிட்டுத் திரும்பலாமென்றால், கடந்துவந்த மலைகளைப் பனி மூடிவிட்டது. ஆகவே வெடிமருந்து வைத்து அந்த வெடிப்பை அகலமாக்கினார்கள். அடிப்பகுதியில் அதுவும் கூடாமற்போகவே, வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பழகியிருந்த பெஞ்சமின் பெர்க்கின்ஸ் என்பவர் ஒரு வழி கண்டார். பாறைச் சுவரில் வரிசையாகத் துளையிட்டு, மரமுளைகளை அறைந்து, அவற்றின்மேல் கட்டைகளையும் கற்களையும் பரப்பிப் பாதை அமைத்தார்கள். 1880 ஜனவரி 26 அன்று வண்டிகள் இறங்கத் தொடங்கின. பின்சக்கரங்கள் சுழலாதபடி பூட்டப்பட்டிருந்தன. ஆண்கள் பின்னாலிருந்து கயிறுகளைப் பிடித்து இழுத்துத் தாங்கினார்கள். அந்த நெடும்பயணத்தில் ஒருவரும் மரிக்கவில்லை, குழந்தைகள் பிறந்தன.

ஏப்ரல் 6-ந் தேதி ஆற்றங்கரைச் சமவெளி ஒன்றை அடைந்தார்கள். போகவேண்டிய இடத்துக்கு இன்னும் சில மைல் இருந்தது. மனிதருக்கும் மிருகங்களுக்கும் பெலனில்லை, அங்கேயே தங்கிவிட்டார்கள். அதுவே பிளஃப்.

எனக்கு மனபாரம் தருவது இதற்குப் பின் நடந்ததே. அத்தனை பாடுபட்டு வெட்டின பாதை அதிக காலம் பயன்படவில்லை. 1881-லேயே ஓடத்துறை வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. புதிய ஊரிலோ, வெட்டின வாய்க்கால்களை ஆறு திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டுபோயிற்று. 1884-ல் பெருவெள்ளம். பல குடும்பங்கள் விட்டுப்போயின. அது ஆளில்லாத தேசமுமன்று. ஆற்றின் அக்கரையில் நவஹோ மக்கள் வாழ்ந்திருந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். நிலைத்திருந்தவர்கள் பயிர்த்தொழிலைக் குறைத்து மாட்டுமந்தைகளை நம்பினார்கள். அந்த வருமானத்தில் எழும்பின மணற்கல் வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. அவற்றுக்கருகே, முதலில் வந்தவர்கள் கட்டின மரக்குடிசைகளைப் போன்றவற்றை இக்காலத்தார் மறுபடியும் கட்டி வைத்திருக்கிறார்கள்.