வர்ணத்திற்கு முன்னால்

வர்ணப் பெட்டி வாங்கிய மறுநாளே வானத்திற்கு நீலமும் வயலுக்குப் பச்சையும் பூசத் தொடங்கும் பிள்ளைகள் அநேகமாக எல்லா வீடுகளிலும் உண்டு. நாலைந்து படங்கள் ஆனதும், நேரில் அவ்வளவு அழகாயிருந்த தோப்பும் ஏரியும் காகிதத்தில் சோபையின்றிக் கிடப்பதைக் கண்டு, "எனக்குச் சித்திரம் வராது" என்று பெட்டியை மூடிவிடுகிறார்கள். பெற்றோரும் அதை அப்படியே ஒப்புக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவரும் நமக்கு அது சம்மதமில்லை. அவர்களுடைய கையில் குறையில்லை. திட்டமின்றி வர்ணத்தில் இறங்கியதே குறை.

ஒரு காட்சியைத் தாங்கி நிற்பது, அதில் ஒளியும் இருளும் அமைந்திருக்கும் முறை. வர்ணம் அதன்மேல் போர்த்தும் ஆடை. செம்மண் வரப்பும் பசும்பயிரும் கண்ணுக்கு எவ்வளவோ வேறுபட்டவை. ஆனால் இரண்டும் ஒரே அளவு அழுத்தமாயிருந்தால், கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும்.

ஆகவே, முதலில் பென்சிலே போதும். ஆட்டச் சீட்டின் அளவுக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ள வேண்டும். கண்களைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் இலைகளும் ஓடுகளும் மறைந்து, நாலைந்து பெரிய வடிவங்களே எஞ்சும். அவற்றுக்கு வெளுப்பு, இடைநிலை, கருமை என்னும் மூன்றே அளவுகளைக் கொடுக்க வேண்டும். மூன்றும் சமபங்காக இருத்தல் கூடாது. ஒன்று மிகுந்தும் ஒன்று சிறுத்தும் இருந்தால்தான் படத்திற்கு உயிர். இப்படி இரண்டு மூன்று கட்டங்கள் வரைந்து, எட்ட வைத்துப் பார்த்து, தெளிவாக விளங்குவதைத் தேர்ந்தெடுத்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும்.

எதற்கு எந்த அளவு என்று திகைப்போருக்கு அமெரிக்கச் சித்திரக்காரர் ஜான் கார்ல்சன் 1929-இல் வெளியான தமது நூலில் எளிய வழி காட்டியிருக்கிறார். வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது. ஆகையால் வானமே மிக வெளுப்பு. அதை நோக்கி மல்லாந்து கிடக்கும் தரை அடுத்தது. சாய்ந்திருக்கும் மலைச்சரிவு மூன்றாவது. நிமிர்ந்து நிற்கும் மரங்களே மிகக் கருமை. வெள்ளையடித்த சுவர் போன்ற விலக்குகள் உண்டு. எனினும் தொடங்குவோருக்கு இது நல்ல துணை.

அடுத்தபடியாக, வேண்டாததை விடுவதற்குத் துணிவு வேண்டும். ஆங்கிலச் சித்திரக்காரர் ஜான் கான்ஸ்டபிள் 1821-இல் 'தி ஹே வெயின்' என்ற படத்தைக் காட்சிக்கு வைத்தார். ஆற்றில் இறங்கி நிற்கும் ஒரு வண்டியே அதன் விஷயம். ஏறக்குறைய ஆறடி அகலமுள்ள அந்தப் படத்திற்கு, அதே அளவில் ஒரு முன்னோட்டமும் தீட்டியிருந்தார். முன்னோட்டத்தில் கரையோரம் காணப்படும் குதிரை முடிந்த படத்தில் இல்லை. அவ்விடத்தில் ஒரு பீப்பாயை வரைந்து பார்த்தார். பிறகு அதையும் வர்ணத்தால் மூடிவிட்டார். இன்று நமது பார்வை தடையின்றி வண்டியிடம் செல்கிறது. இரண்டு படங்களும் லண்டன் நகரிலேயே இருக்கின்றன. பேர்பெற்ற ஓவியரே இவ்வளவு ஒத்திகை பார்த்தாரென்றால், பத்து வயதுப் பிள்ளை முதல் முயற்சியில் தேறவில்லை என்று முடிவுகட்டுவது நியாயமா?

பெற்றோருக்கு நமது வேண்டுகோள் இதுதான். அடுத்த விடுமுறையில் பிள்ளை படம் கொண்டுவந்து காட்டினால், "நன்றாயிருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிடாமல், "இதில் எதை விட்டுவிட்டாய்? ஏன் விட்டாய்?" என்று கேளுங்கள். சிறு கட்டங்களாக வரைந்து காகிதத்தை வீணாக்குகிறதே என்று கடிந்துகொள்ளாதீர்கள். அந்தக் கட்டங்களில்தான் குழந்தை பார்க்கக் கற்றுக்கொள்கிறது.