அறை எங்கே போயிற்று?

கம்ப்யூட்டர் விளையாட்டு பையன்களைத் தனிமையில் தள்ளிவிட்டது என்று பெரியவர்கள் பலர் அங்கலாய்க்கிறார்கள். அவர்களுடைய கவலை நியாயம்; ஆனால் குற்றவாளியைத் தவறாகப் பிடித்திருக்கிறார்கள்.

1962-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் உருவான 'ஸ்பேஸ்வார்' விளையாட்டை ஒற்றை ஆளாக ஆட முடியாது. எதிராளி ஒருவர் பக்கத்தில் இருந்தே தீரவேண்டும். 1993-ல் வந்த 'டூம்' நாலு கம்ப்யூட்டர்களை இணைத்து நாலு பேரை ஆடவிட்டது. 1999-ல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தில் எட்டு பேர் சேரலாம். கூட்டம் சேர்ப்பதுதான் ஐயா, இதன் பிறவிக் குணம்!

எங்கள் நெய்க்காரப்பட்டியில், 2003 வாக்கில், ஒரு கடை மாடியில் ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. மணிக்கு இருபது ரூபாய். இன்டர்நெட் பாதி நாள் வராது. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ஆறையும் கம்பிகளால் ஒரு சிறு பெட்டியில் இணைத்திருந்தார் கடைக்கார அண்ணன். ஒருவன் சுடுகிற சேதி அந்த அறையை விட்டு வெளியே போகவேண்டியதே இல்லை. 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடினால், "எட்டிப் பார்க்காதேடா!" என்ற கூச்சல் துப்பாக்கிச் சத்தத்தையும் மீறும். பக்கத்தில் இருக்கிறவனுடைய திரையைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பது பெரும் பாவம். எல்லோரும் செய்த பாவம். தோற்றவன் எழுந்து, நின்றுகொண்டிருக்கிறவனுக்கு நாற்காலியைக் கொடுக்கவேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் எதிரி இருந்ததால், ஏசுகிற வார்த்தைக்கும் ஓர் அளவு இருந்தது. "அஞ்சு நிமிஷந்தான் பாக்கி, கண்ணுகளா" என்று அண்ணன் சொன்னால் ஆறு பேரும் ஒரே குரலில் கெஞ்சுவோம்.

இந்த அறையைப் பறித்தது யார்? 2010-ல் வெளிவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' இரண்டாம் பாகத்தில், இப்படி அறைக்குள்ளேயே இணைந்து ஆடும் வசதியைக் கம்பெனி எடுத்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரனோடு ஆடவும் கம்பெனியின் வாசல் வழியாகத்தான் போகவேண்டும்! திருட்டுப் பிரதிகளைத் தடுக்கத்தான் என்றார்கள். (எங்கள் மாடியில் இருந்த பிரதிகளைப் பற்றி வாசகர்கள் கேட்காமல் இருப்பது உத்தமம்.) 2011-ல் மத்திய சர்க்கார் இன்டர்நெட் மையங்களுக்கு விதிகள் போட்டது. அடையாள அட்டை இல்லாத சிறுவன், அட்டை வைத்திருக்கும் பெரியவரோடுதான் வரலாமாம். பன்னிரண்டு வயதுப் பையன் விளையாட அப்பாவை அழைத்துக்கொண்டா வருவான்? பிறகு செல்போன் வந்து மிச்சத்தையும் முடித்தது.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். அதே சட்டம் 'இ-ஸ்போர்ட்ஸ்' வளர்ப்பைப் பற்றியும் பேசுகிறது. வளர்ப்பது என்றால் பெரிய நகரத்து அரங்கமும் பரிசுத் தொகையும் மட்டுந்தானா? ஊர் நூலகத்தில் ஓர் ஓரமாக ஆறு கம்ப்யூட்டர்களும் அந்தச் சிறு பெட்டியும் வைத்தால் ஆகாதா? மின்சாரச் செலவை யார் கொடுப்பது என்று கேட்பார்கள். மணிக்கு இருபது ரூபாய் வசூலியுங்கள், பையன்கள் கொடுப்பார்கள்.