முகத்தைப் பார்த்தால் போதுமா?

புகழ் பெற்றவர்களின் போட்டோ கண்காட்சி என்றால் கூட்டத்துக்குக் குறைவே இராது. குடும்பம் குடும்பமாக வருவார்கள். "இதோ சர்ச்சில்! அதோ ஐன்ஸ்டீன்!" என்று குழந்தைகளுக்குக் காட்டுவார்கள். படத்தின் முன் நின்று, செல்போனில் தங்களையும் ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். உடனே அடுத்த படத்துக்கு நடப்பார்கள்.

அரை மணி நேரத்தில் நூறு படம் முடிந்துவிடும்!

இதைப் பார்ப்பது என்று சொல்லலாமா? கூடாது என்பதே என் கருத்து. பெயரைத் தெரிந்துகொள்வது வேறு. படத்தைப் பார்ப்பது வேறு.

யூசுப் கார்ஷ் என்ற போட்டோக்காரரின் படங்களுக்கு நேர்ந்த கதையைக் கேளுங்கள். உண்மை விளங்கும்.

சுருட்டு போனது!

கார்ஷ் 1908-ல், இன்றைய துருக்கியில் உள்ள மார்தின் நகரில் பிறந்தவர். ஆர்மீனிய இனத்தவர். அங்கே அந்த இனத்தார் பட்ட கொடுமைகளுக்குத் தப்பி, இளம் வயதில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே மாமா ஒருவர் போட்டோக்காரர். அவரிடம் தொழில் பழகியவர், பின்னால் உலகப் புகழ் பெற்றார்.

1941 டிசம்பர் 30-ந் தேதி. உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இங்கிலாந்து பிரதமர் சர்ச்சில், கனடா பார்லிமெண்டில் பேசிவிட்டு வந்தார். பக்கத்து அறையில் கார்ஷ் காமிராவோடு காத்திருந்தார். சர்ச்சில் வாயில் சுருட்டு! அதை எடுக்க அவருக்கு மனம் இல்லை.

கார்ஷ் அருகே போனார். "மன்னியுங்கள், ஐயா" என்றார். சட்டென்று சுருட்டைப் பிடுங்கிவிட்டார்! சர்ச்சில் முகம் கடுகடுத்தது. அந்தக் கணமே படம் எடுத்துவிட்டார்.

அந்தக் கடுகடுப்பை உலகம் வீரம் என்று கொண்டாடியது. 'கர்ஜிக்கும் சிங்கம்' என்பது அந்தப் படத்தின் பெயர். 2016-ல் வெளிவந்த 5 பவுன் நோட்டிலும் அந்த முகத்தையே அச்சிட்டார்கள்.

அந்தக் கோபம் எதிரி மீது அல்ல; பறிபோன சுருட்டுக்காக!

படம் பொய் என்று நான் சொல்லவில்லை. சர்ச்சிலிடம் அந்த உறுதியும் இருந்தது. ஆனால் இந்திய விடுதலைக்குத் தடையாக நின்றவரும் அவரே. 1942 ஆகஸ்டில் காந்தியடிகளையும் மற்றத் தலைவர்களையும் சிறையில் அடைத்தது அவருடைய ஆட்சிதான். அதை அந்தப் படம் சொல்லுமா? சொல்லாது. ஒரு படம் ஒரு மனிதரின் ஒரு கணத்தைத்தான் காட்டும்.

எட்டு மாதம் ஏமாந்தார்கள்

அந்தப் படத்தின் பிரதி ஒன்று, கார்ஷ் கையெழுத்தோடு, கனடா தலைநகர் ஒட்டாவாவில் 'ஷாட்டோ லாரியே' ஓட்டலில் தொங்கியது. 2021 கிறிஸ்துமசையொட்டி அதை ஒரு திருடன் கொண்டுபோய்விட்டான். அந்த இடத்தில் போலிப் படத்தை மாட்டிவிட்டான்.

ஏறக்குறைய எட்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை! எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். "சர்ச்சில்" என்று சொல்லி நகர்ந்தார்கள். 2022 ஆகஸ்டில்தான், 'சட்டம் மற்றப் படங்களின் சட்டத்தைப் போல் இல்லையே' என்று ஓர் ஊழியருக்குச் சந்தேகம் வந்தது. கையெழுத்தைச் சோதித்தார்கள். போலி!

அசல் படம் லண்டனில் ஏலம் போய், இத்தாலியில் ஒருவரிடம் இருந்தது. திருட்டுப் படம் என்று அவருக்குத் தெரியாது. 2024-ல் அதை மீட்டு, ஓட்டலுக்கே கொண்டுவந்தார்கள்.

முதுகைப் பார்த்த முதியவர்

இதற்கு நேர்மாறாக இன்னொரு சம்பவம். கார்ஷே சொன்னது.

1954-ல் அவர் பிரான்சில் பாப்லோ காசல்ஸ் என்ற செல்லோ மேதையைப் படம் எடுத்தார். செல்லோ என்பது பெரிய பிடில் போன்ற வாத்தியம். சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியை ஏற்காமல், தாய்நாடான ஸ்பெயினை விட்டு வந்தவர் காசல்ஸ். பழைய மடம் ஒன்றில் தனியாக அமர்ந்து அவர் வாசித்தார். கார்ஷ் அவர் முகத்தை எடுக்கவில்லை, முதுகை எடுத்தார்! வெறும் சுவர், உயரத்தில் ஒரு சிறு ஜன்னல், குனிந்து வாசிக்கும் மனிதர். அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் இந்தப் படத்தை வைத்தார்கள். ஒரு முதியவர் நாள்தோறும் வந்து, வெகு நேரம் அதன் முன் நிற்பார். 'ஏன் இப்படி நிற்கிறீர்கள்?' என்று கலைக்கூட அதிகாரி கேட்டார். 'பேசாமல் இரு! நான் இசை கேட்டுக்கொண்டிருப்பது தெரியவில்லையா?' என்று முதியவர் அதட்டினாராம்.

அவரல்லவா படம் பார்த்தவர்!

வாசகர்களே! அடுத்த முறை கண்காட்சிக்குப் போனால் நூறு படம் பார்க்க வேண்டாம். பத்துப் படம் போதும். பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். முதலில் கையைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பாருங்கள். "இவர் யார்?" என்று குழந்தை கேட்டால், "இவர் என்ன நினைக்கிறார், சொல் பார்க்கலாம்" என்று திருப்பிக் கேளுங்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. நம் தெருச் சுவர்களிலும் நாள்தோறும் எத்தனையோ பெரிய மனிதர்களின் முகங்கள் நம்மைப் பார்த்துச் சிரிக்கின்றன. ஒவ்வொன்றும் விளக்குப் போட்டு, நேரம் பார்த்து எடுத்த படம். நின்று பார்க்கக் கற்ற குழந்தை, முகத்தை மட்டும் கண்டு மயங்காது. அந்தப் பழக்கத்துக்குக் கண்காட்சி நல்ல பள்ளிக்கூடம்.